கட்டை மேல் விழுந்த கொத்துகள்

இந்தோனேசியாவின் சிபெருத் தீவுக் காட்டிலிருந்து தூளியில் தூக்கி வரவேண்டியிருந்த எங்கள் நண்பர், சுமத்ராவின் படாங் நகர மருத்துவமனையிலிருந்து வெளியே வந்துவிட்டார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி எழுதத் தெம்பில்லை. மனசு ஆறுவதற்குள் நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறோம்.

மோட்டார் தோணி ஓட்டியவர்கள், முவாரா சிபெருத் சுகாதார நிலையச் செவிலியர், படாங்கில் விடிய விடிய உடனிருந்து மொழிபெயர்த்தவர், ஊரில் பணம் திரட்டி அனுப்பிய நீங்கள் எல்லாரும்: கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆனால் இந்த மடலில் முக்கால்வாசி ஒரே ஒருவருக்கு. ரெரெய்கெட் ஆற்றுப் பக்கம் ஓர் உமாவில், அதாவது குலத்தார் கூடி வாழும் நீண்ட வீட்டில், இருப்பவர் அவர்.

சிபெருத் தீவின் காட்டுக்குள் பாதை என்றால் சேற்றின் மேல் நீளவாக்கில் போட்ட மரக்கட்டைகள்தான். ஒரு சாண் அகலம் இருந்தால் அதிகம். கால் தவறினால் முழங்கால் வரை, சில இடங்களில் தொடை வரை இறங்கும். மழையில் பட்டை உரிந்து பாசி பிடித்த கட்டை எண்ணெய் தடவியது மாதிரி வழுக்கும். ரப்பர் பூட்ஸின் அடியில் சேறு அடைத்துக்கொண்டால் பிடிப்பு போச்சு. தீவின் பூர்வகுடிகளான மெந்தாவாய் மக்கள் வெறுங்காலில், பாதத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி, விரலால் கட்டையைக் கவ்வி நடக்கிறார்கள்.

இதில் ஆளைத் தூளியில் தூக்கிப் போக வேண்டும். கம்புக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பக்கத்தில் மூன்றாவது ஆள் நிற்க இடமில்லை. துணி நீளமாகத் தொங்கினால் பக்கவாட்டில் ஆடும், முன்னவர் சறுக்கினால் பின்னவரையும் சேர்த்து இழுக்கும். எனவே கம்போடு ஒட்டி இறுக்கிக் கட்டினார்கள். அதுவரை நாங்களும் யோசித்திருப்போம்.

யோசிக்காதது இது. முந்தின மாலை அந்த உமாக்காரர் எங்கள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நடையைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தோம். இரவில் வெட்டுக்கத்தியோடு அந்தக் கட்டைப் பாதைக்குப் போயிருக்கிறார். கத்தி முதுகால் பாசியைச் சுரண்டி, கால் வழுக்காமலிருக்கக் குறுக்கே சாய்வாகக் கொத்து. ஆழம் ஒரு நகக்கண் அளவு, அவ்வளவுதான்; ஆழமாக வெட்டினால் தண்ணீர் தேங்கிக் கட்டை உளுத்துவிடும். உருளும் கட்டைகளுக்கு இரண்டு பக்கமும் முளை அடித்திருந்தார். விடியலில் போனபோது சேற்றின் மேல் வெள்ளைச் சிராய்கள் கிடந்தன. கொத்துக்குக் கொத்து இடைவெளி அவர்கள் காலடித் தூரம் அல்ல, எங்கள் குட்டைக் காலடித் தூரம். யாரும் கேட்கவில்லை. அவருக்கு அந்தக் கொத்துகள் தேவையும் இல்லை.

புறப்படும் முன் 'எளிய வாழ்க்கை' என்று எழுதியிருந்தோம். அந்தச் சொல்லை இனி அவர்களைப் பற்றி எழுத மாட்டோம். அவர்கள் உணவையே பாருங்கள். நம் சேலத்து ஜவ்வரிசி மரவள்ளி மாவு. அங்கே அசல் சாகோ பனை. பத்து வருஷத்துக்கு மேல் வளர்ந்த மரத்தைப் பூக்கும் முன் சாய்க்க வேண்டும், பூத்தால் மாவுச்சத்து பூவுக்குப் போய்விடும். தண்டின் உள்சோற்றைத் துருவி, தண்ணீர் விட்டு மிதித்து, தெளியவைத்து, இலைக்கூடையில் கட்டி நீருக்குள் அமிழ்த்தினால் மாதக்கணக்கில் கெடாது. இலையில் சுட்டதைச் சூட்டிலேயே தின்ன வேண்டும், ஆறினால் குச்சி மாதிரி விறைக்கும். நண்பருக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுட்டுக் கொடுத்தார்கள். இப்பேர்ப்பட்ட மக்களின் வழிபாட்டைத்தான் 1954இல் இந்தோனேசிய அரசு தடைசெய்தது.

மசுரா பகத்தா (அவர்கள் மொழியில் நன்றி), ஐயா. மணல் கலந்த சேற்றுக் கட்டையைக் கொத்தி உங்கள் கத்தியின் வாய் ஓரிடத்தில் பல்லாகிப் போனதைப் பார்த்தோம். அரம் இரண்டு வாங்கியாயிற்று, அடுத்த படகில் வருகிறது.