பால் பல்லும் பெற்றோர் அலட்சியமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் குழந்தைகளின் சொத்தைப் பல் பற்றிய கட்டுரை படித்தேன். "பெற்றோரின் அலட்சியமே முழுக் காரணம்" என்ற வரி வரும்வரை நல்ல கட்டுரைதான். அதன் கீழேயே க்ரீம் பிஸ்கெட் விளம்பரம் வேறு. அது யாருடைய அலட்சியம் என்று உங்களுக்குத் தெரியாததா?

நான் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் தாய்மார் தடுப்பூசி நாளைத் தவறவிடுபவர்கள் அல்ல. கூலியை விட்டுவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். ஊசி போடுவார்கள், எடை பார்ப்பார்கள். ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசியோடு வைட்டமின் ஏ ஆரம்பிக்கிறது. ஐந்து வயதுக்குள் மொத்தம் 9 தடவை. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்துதானே ஊற்றுகிறார்கள்? ஊற்றிய கையோடு மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால் என்ன? முன்பல்லில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைக் கோடு இருந்தால் சொத்தை ஆரம்பம் என்று அர்த்தம். அப்போதே கவனித்தால் குழி விழாமல் தடுக்கலாம். அமெரிக்காவில் குழந்தை மருத்துவரே வழக்கமான செக்கப்பின்போது சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு வார்னிஷைப் பல்லில் பூசிவிடுகிறார். சில நிமிட வேலை.

என் பேரனுக்கு அந்தக் கோடு இருந்தபோதே காட்டினோம். "பால் பல்தானே, விழுந்து முளைச்சிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. கடைவாய்ப் பால் பல் விழப் பத்து வயதுக்கு மேலாகும், அதுவரை பிள்ளை எதைக் கொண்டு மெல்லும்? கடைசியில் கோயம்புத்தூரில் மயக்க மருந்து கொடுத்துத்தான் சரிசெய்தார்கள். மகளின் வளையல் அடகுக்குப் போனது. அலட்சியமான பெற்றோர்!

எங்கள் பக்கம் பல்லில் எது வந்தாலும் "போர் தண்ணி, ஃப்ளோரைடு" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். இங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது உண்மை. ஆனால் அதனால் வரும் திட்டும் பழுப்புக் கறையும் பெரும்பாலும் பிறகு முளைக்கும் நிலைத்த பல்லில்தான் தெரியும். இரண்டு வயதில் முன்பல் கரைகிறதென்றால் ராத்திரி முழுக்க வாயில் கிடக்கும் சீனிப் பால் பாட்டிலைச் சந்தேகப்பட வேண்டும். அதை அந்தத் தாய்க்கு யார் சொன்னார்கள்? மூன்று வயதுவரை பேஸ்ட் ஓர் அரிசி அளவு போதும், அப்புறம் பட்டாணி அளவு என்று யார் சொன்னார்கள்? அவளிடம் கொடுக்கும் தாள் மலையாளத்தில் இருக்கிறது. தமிழில் கேட்டால் எல்லைக்கு அந்தப் பக்கம் போ என்பது போல ஒரு பார்வை. அந்தப் பக்கம் போனால் உன் ரேஷன் கார்டு கேரளா என்கிறார்கள்.

உங்கள் பத்திரிகை மட்டும் என்ன? எங்கள் ஊர்ப் பக்கம் நிருபர் வருவது வாளையார் சோதனைச் சாவடிக்கும் குப்பை லாரிக்கும் லாட்டரிக்கும்தான். 2013-ல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் பல் நோயும் இருக்கிறது, அங்கன்வாடிப் பிள்ளைகளை ஆண்டுக்கு இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. எத்தனை ஊரில் பார்க்கிறார்கள் என்று ஒரு செய்தி போட்டிருக்கலாமே. பெற்றோரைத் திட்டுவது சுலபம், பயணப்படியும் மிச்சம்.

சரி, கேட்க வந்தது சின்ன விஷயம். நீங்கள் வருஷா வருஷம் வெளியிடும் தடுப்பூசி அட்டவணையில் ஒன்பதாம் மாதத்துக்கு நேராக "பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி சேர்க்க முடியுமா? பக்கத்தில் அந்த வெள்ளைக் கோடு தெரியும் பல்லின் படம், தபால்தலை அளவு போதும். கறுப்பு வெள்ளையில் கோடு தெரியாது, கலரில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி ஊழியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.