கயலைப் புத்தகத்தை மூடச் சொல்

மதுரை
டிசம்பர் 8

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. அண்ணனுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறார் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே அம்மாவுக்கும் கண்புரை எடுத்தாயிற்று. காலையில் பேப்பரை யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை, தானே படிக்கிறார்.

கயலைப் பற்றி நீ எழுதிய பக்கங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நர்சிங் முதல் செமஸ்டரில், அனாடமி (உடல் அமைப்பு) இன்டர்னல் பரீட்சையில் 25க்கு 9. ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்தும் இப்படி ஆகிவிட்டதே, இந்தப் படிப்பு அவளுக்குச் சரிப்படாதோ என்று கேட்டிருக்கிறாய். அந்தச் சந்தேகத்தை இன்றோடு விட்டுவிடு. இரண்டு மணிவரை உட்காருகிற பிள்ளையிடம் உழைப்பில் என்ன குறை? அவள் எப்படிப் படிக்கிறாள் என்பதையும் நீயே எழுதியிருக்கிறாய்: ஒரே பாடத்தை நாலு தடவை வாசிக்கிறாள், மஞ்சள் ஹைலைட்டரால் கோடு போடுகிறாள், புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நோட்டில் அழகாக எழுதுகிறாள். மூன்றுமே புத்தகம் திறந்திருக்கும்போது செய்கிற வேலை. பரீட்சை ஹாலிலும் வார்டிலும் புத்தகம் மூடியிருக்கும். கோளாறு அங்கேதான்.

2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்து, சிலரை அதை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். மற்றவர்களை, மூடிவைத்துவிட்டு நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களுக்கு 81 சதவீதம் நினைவிருந்தது, மூடி எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 42க்கு இறங்கிவிட்டார்கள், எழுதியவர்கள் 56இல் நின்றார்கள். திரும்ப வாசித்ததும் "எல்லாம் தெரிகிறது" என்று ஒரு தெம்பு வரும் பார், அது அந்த ஐந்து நிமிடத் தெம்பு. கயல் அதை நம்பித்தான் தூங்கப் போகிறாள்.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது இது. ஒரு பாடத்தை ஒருமுறை, நிதானமாக, இருபது நிமிடம் வாசிக்கட்டும். பிறகு புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, கோடு போடாத ஒரு வெள்ளைத்தாளை எடுக்கட்டும். இதயத்தை எடுத்துக்கொள்வோம். நாலு அறைப் பெட்டி ஒன்றை வரைந்து ரத்தம் போகும் வழியை அம்புக்குறியால் காட்ட வேண்டும்: மேல், கீழ் வீனா கேவா (உடம்பின் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய குழாய்கள்), வலது ஏட்ரியம் (மேலறை), ட்ரைகஸ்பிட் வால்வு, வலது வென்ட்ரிக்கிள் (கீழறை), பல்மனரி வால்வு, பல்மனரி ஆர்ட்டரி, நுரையீரல், நாலு பல்மனரி வெயின், இடது ஏட்ரியம், மைட்ரல் வால்வு, இடது வென்ட்ரிக்கிள், அயோர்ட்டிக் வால்வு, அயோர்ட்டா (உடம்புக்கு ரத்தம் போகும் பெருங்குழாய்). முதல் தடவை பாதியில் நின்றுவிடும். நின்ற இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்கக் கூடாது, இரண்டு நிமிடமாவது யோசிக்க வேண்டும். அந்தத் திணறல்தான் பாடத்தை உள்ளே பதிய வைக்கிறது. அதன் பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதையும் தப்பையும் சிவப்பு மையில் எழுத வேண்டும். மறுநாள் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு மட்டும்தான்.

இதயத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில்தான் சிவப்பு விழும். ஆர்ட்டரி என்றால் நல்ல ரத்தம், வெயின் என்றால் கெட்ட ரத்தம் என்று பள்ளியிலிருந்தே மனதில் ஊறியிருப்பதால் நுரையீரலுக்குக் கெட்ட ரத்தத்தைக் கொண்டுபோகிற பல்மனரி ஆர்ட்டரிக்கும் நல்ல ரத்தத்தின் சிவப்புச் சாயம் அடித்துவிடுவார்கள். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது ஆர்ட்டரி, உள்ளே கொண்டுவருவது வெயின் என்று பிடித்துக்கொண்டால் இந்தத் தப்பு வராது.

படம் சரியாக வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. தனக்குத்தானே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இடது வென்ட்ரிக்கிள் சரியாகப் பம்ப் செய்யாவிட்டால் ரத்தம் எங்கே தேங்கும்? அம்பைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் நுரையீரலில் நிற்கும். அதனால் மூச்சுத்திணறல், மல்லாந்து படுக்க முடியாது, தலைமாட்டை உயர்த்தி உட்காரவைக்க வேண்டும். வலது பக்கம் பழுதானால்? உடம்பிலிருந்து வரும் ரத்தம் தேங்கும். கால் வீங்கும், கழுத்து வெயின் புடைக்கும், அதனால்தான் தினமும் எடை பார்க்கிறோம். அனாடமி, பிசியாலஜி (உடல் இயங்கும் விதம்), நர்சிங் மூன்றும் ஒரே தாளில் வந்துவிட்டது பார். மூன்றையும் மூன்று நோட்டில் தனித்தனியாக மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு மூன்று மடங்கு பாரம்.

கயல் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் மீடியம். அவள் திணறுவதில் பாதி அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கில வாக்கியத்தை அர்த்தம் பிடிபடாமலே வரி மாறாமல் நெட்டுரு போட்டால், பரீட்சையில் ஒரு வார்த்தை மறந்தால் போதும், முழு விடையும் நின்றுவிடும். அவள் முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும், ஹாஸ்டல் தோழியிடமோ போனில் உன்னிடமோ. சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று உனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடிந்தால் அவளுக்குப் புரிந்துவிட்டது. பிறகு அதையே ஐந்தாறு சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதட்டும். அலங்கார ஆங்கிலம் வேண்டாம். சரியான சொல் இருந்தால் மார்க் வரும்.

மருத்துவச் சொற்களை உடைத்துப் படித்தால் பாதிப் பயம் போய்விடும். "ஐட்டிஸ்" என்று முடிந்தால் அழற்சி, "எக்டமி" என்றால் வெட்டி எடுப்பது, "ஆஸ்டமி" என்றால் திறப்பு வைப்பது. "பிராடி" மெதுவானது, "டாக்கி" வேகமானது. "ஹைப்போ" என்றால் குறைவு, "ஹைப்பர்" என்றால் அதிகம்; இவை இரண்டு மட்டும் காதில் ஒன்று போலவே விழும். சர்க்கரை இறங்கியதா ஏறியதா என்பதை வார்டில் மாற்றிக் கேட்டுவிட்டால் ஆபத்து. அந்தச் சொல் வருகிற இடத்தில் எல்லாம் பக்கத்தில் ஒரு மேலம்போ கீழம்போ போடுகிற பழக்கத்தை முதல் வருஷமே கொண்டுவந்துவிட வேண்டும்.

அடுத்தது, எப்போது திரும்பப் பார்ப்பது என்கிற விஷயம். பாடம் நடந்த அன்று மாலை பத்து நிமிடம், மறுநாள், நாலாம் நாள், பத்தாம் நாள், பிறகு ஒரு மாதம் கழித்து. ஒவ்வொரு தடவையும் மூடிவைத்துத்தான். இதற்குச் சின்ன அட்டைகள் வசதி. ஒரு போஸ்ட் கார்டில் பாதி அளவு வெட்டிக்கொண்டு முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. ஒரு அட்டைக்கு ஒரே கேள்வி. "டயாபடிஸ்" என்று முன்னால் எழுதிப் பின்னால் ஒரு பக்கத்தைப் பொடி எழுத்தில் நிரப்பினால் அது அட்டை இல்லை, சுருங்கிய நோட்டு. "பொட்டாசியத்தின் இயல்பு அளவு?" என்று கேள்வி, "3.5 முதல் 5.0" என்று விடை, அவ்வளவுதான். ஒரு நாளைக்குப் பதினைந்து புது அட்டைக்கு மேல் வேண்டாம். ஆசைப்பட்டு நாற்பது எழுதினால் நாலாம் நாள் திரும்பப் பார்க்க நேரம் இல்லாமல் மொத்தமும் மூலைக்குப் போய்விடும்.

மூன்றாவது செமஸ்டரில் ஃபார்மகாலஜி (மருந்தியல்) தொடங்கும். அதற்கு இப்போதே ஒன்று சொல்லி வை: மருந்தை ஒவ்வொன்றாகப் படிக்காமல் குடும்பமாகப் படிக்க வேண்டும். "லால்" என்று முடிகிற அட்டெனோலால், மெட்டோப்ரோலால் எல்லாம் நாடித்துடிப்பைக் குறைக்கும், கொடுக்குமுன் பல்ஸ் பார்க்க வேண்டும். "ப்ரில்" என்று முடிகிற மருந்துகளால் நோயாளிக்கு வறட்டு இருமல் வரலாம். மருந்துக்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சிறுநீரை அதிகம் பிரிக்கிற ஃப்ரூசமைடு மருந்து, சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் டிஜாக்சின் என்ற இதய மருந்து விஷமாகி இதயத்துடிப்பு குறையும் வாய்ப்பு கூடும். அதனால்தான் டிஜாக்சின் கொடுக்குமுன் இதயத்துடிப்பை முழுசாக ஒரு நிமிடம் எண்ணி, பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்கிறோம். காரணச் சங்கிலி ஒன்று பிடிபட்டால் ஐந்து கேள்விக்கு விடை கிடைக்கும்.

கணக்கை மட்டும் ஒரு நாள்கூட விடக் கூடாது. தினம் மூன்று கணக்கு, பத்து நிமிடம். 500 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், ட்ரிப் ஏற்றுகிற குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500ஐ 20ஆல் பெருக்கினால் 10,000, எட்டு மணி நேரம் 480 நிமிடம், வகுத்தால் 20.8, அதாவது நிமிடத்துக்கு 21 சொட்டு. மணியை நிமிடமாக்க மறந்தால் 1,250 என்று வரும். விடையை எழுதிவிட்டுப் பேனாவை வைப்பதற்குள், "ஒரு நிமிடத்தில் 1,250 சொட்டு விழுமா?" என்று கேட்கிற பழக்கம் வர வேண்டும். செட்டுக்குச் செட்டு சொட்டின் அளவு மாறும், மைக்ரோ ட்ரிப்பில் மில்லிக்கு 60. உறையில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கணக்கைத் தொடங்க வேண்டும்.

சிரப்பும் அப்படித்தான். 10 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் 150 மில்லிகிராம். பாட்டிலில் 5 மில்லிக்கு 125 என்றிருந்தால் 6 மில்லி. 250 என்றிருந்தால் 3 மில்லி. குழந்தை அதேதான், பாட்டில்தான் வேறு. "ஒரு மூடி கொடு" என்று சொல்வது ஏன் தப்பு என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும்.

இன்சுலினில் இதைவிடக் கவனம் வேண்டும். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் இருக்கிறது, 100 யூனிட்டும் இருக்கிறது. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 40 கோடுவரை இழுத்தால் உள்ளே இருப்பது முழுசாக ஒரு மில்லி, அதாவது 100 யூனிட். எழுதிக் கொடுத்ததைப் போல இரண்டரை மடங்கு. சர்க்கரை இறங்கி நோயாளி நினைவிழக்கலாம். இந்தக் கணக்கைக் கயல் தன் கையால் போட்டுப் பார்க்கட்டும். ஒருமுறை போட்டவளுக்கு மூடியின் நிறம் மறக்காது.

கிளினிக்கல் போஸ்டிங்கில் நாள் முழுக்க நின்று களைத்து வந்தபின் படிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். வார்டில் நிற்பதே படிப்புதான், அதைப் படிப்பாக மாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும். சட்டைப்பையில் அடங்குகிற ஒரு சின்ன நோட்டு போதும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு நோயாளி. பெயரோ ஐபி நம்பரோ (உள்நோயாளி எண்) எழுதக் கூடாது. வயது, என்ன நோய், என்ன மருந்து ஓடுகிறது, எந்த ரத்தப் பரிசோதனை இயல்பு மீறியிருக்கிறது, இவ்வளவுதான். மாலையில் அந்த நோயைப் பற்றி இரண்டு பக்கம் மட்டும் படித்து, "இந்த மருந்து இவருக்கு ஏன்?" என்பதற்கு ஒரு வரி எழுத வேண்டும். முகத்தோடு படித்தது நெடுநாள் நிற்கும்.

ரெக்கார்டு நோட்டைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். சீனியரின் கேர் பிளானை (நோயாளியைப் பராமரிக்கும் திட்டம்) ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்து எழுதுகிற வழக்கம் எல்லா ஹாஸ்டலிலும் இருக்கிறது. முப்பது மணி நேரம் கை வலிக்க எழுதி ஒரு வரிகூடக் கற்றுக்கொள்ளாமல் போகிற வேலை அது. பார்த்த நோயாளியைப் பற்றி அன்றே, பத்து வரியானாலும் சொந்தமாக எழுதினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எந்தக் கேள்விக்கும் பயப்பட வேண்டாம்.

ப்ரொசீஜர்களைக் கையால் செய்துதான் படிக்க வேண்டும். இரண்டு பேராகச் சேர்ந்து, ஒருத்தி செய்ய, மற்றவள் செக்லிஸ்ட்டைப் பார்த்து டிக் போட வேண்டும். செய்கிறவள் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பி.பி. பார்ப்பதென்றால்: ஐந்து நிமிடம் உட்காரவைப்பது, கை இதய மட்டத்தில், முதலில் நாடியைத் தொட்டுப் பார்த்து அது மறைகிற அளவுக்கு மேல் 30 மில்லிமீட்டர் ஏற்றுவது, நொடிக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டராக இறக்குவது. சடாரென்று இறக்கினால் முதல் சத்தம் தவறி, மேல் அளவு (சிஸ்டாலிக்) குறைவாக வரும். குழுவாகப் படிப்பதென்றாலும் மூன்று பேர் போதும்.

பரீட்சைத் தாளிலும் ஒரு கண் இருக்கட்டும். இப்போதைய பாடத்திட்டத்தில் அனாடமியும் பிசியாலஜியும் ஒரே தாளில் வருகின்றன, 37 மார்க்குக்கு ஒன்று, 38க்கு மற்றொன்று, மொத்தம் 75. அனாடமிப் படங்களை அழகாக வரைந்துகொண்டே இருந்து பிசியாலஜிக்கு நேரமில்லாமல் போகிறவர்கள் உண்டு. மூன்று மணி நேரத்துக்கு மார்க்குக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 150 நிமிடம். மீதி அரை மணி சரிபார்க்க. பென்சிலில் வரைந்து பாகம் குறித்த படம் போதும், கலர் அடிக்க வேண்டியதில்லை.

அந்த இரண்டு மணி விழிப்பை மட்டும் நீ நிறுத்தியே ஆக வேண்டும். படித்ததை மூளை அடுக்கி வைப்பது தூக்கத்தில். பதினொன்றுக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால், எழுந்ததும் முந்தின நாள் அட்டைகளைப் பார்க்க அரை மணி கிடைக்கும். மாலையில் நாற்பத்தைந்து நிமிடமாக மூன்று தடவை, நடுவில் பத்து நிமிடம் எழுந்து நடப்பது. அந்த நேரம் போன் வேறு அறையில் இருக்கட்டும். ஒரு நாளைக்கு இவ்வளவு போதும்.

இத்தனையையும் ஒரே வாரத்தில் செய்யச் சொல்லாதே, மிரண்டுவிடுவாள். இந்த வாரம் வெள்ளைத்தாள் மட்டும். அடுத்த வாரம் அட்டை. கணக்கைப் பொங்கல் லீவில் நானே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறேன். வரும்போது அந்த 9 மார்க் விடைத்தாளையும் சிவப்பு மை போட்ட தாள்களையும் கொண்டு வரச் சொல். எந்த இடத்தில் நின்றாள் என்று சேர்ந்து பார்க்கிறோம். அம்மா உனக்காக நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறார். அண்ணனுக்கு உப்பு எவ்வளவு சேர்க்கலாம் என்று டாக்டரைக் கேட்டு எழுது.

அன்புடன்,
வசந்தா