ரெண்டு இட்லியோடு எழுந்துவிடுகிற என் பிள்ளைக்கு

தாராவி, மும்பை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று மீட்டிங்குக்கு ஓடிவிடுவாய். அதனால்தான் காகிதம்: உன் வயிற்றை டாக்டரிடம் காட்டு.

மருமகளைத் திட்டாதே, நான்தான் துருவிக் கேட்டேன். மாசக்கணக்கில் தினமும் காலையில் கேஸ் மாத்திரை போடுகிறாயாம். ரெண்டு இட்லி தின்றதும் வயிறு அடைத்துக்கொண்டது என்று எழுந்துவிடுகிறாயாம். பெல்ட்டில் புது ஓட்டை வேறு. ஜிம்முக்குப் போவதால் இளைத்தேன் என்கிறாயே ஐயா, ஜிம்முக்குப் போகிறவனுக்குப் பசி கூடுமா குறையுமா?

முப்பத்திரண்டு வயசில் என்ன வந்துவிடப் போகிறது என்பாய். வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கிற ஸ்கோப் ரூமில் இத்தனை வருஷம் நர்ஸாக நின்றவள் நான். உன் வயசில் நெஞ்செரிச்சல் என்று வருகிறவர்களில் அநேகம் பேருக்கு அசிடிட்டியோ சாதாரணப் புண்ணோதான். வயிற்றுப் புற்றுநோய் பெரும்பாலும் வயசானவர்களுக்கு வருவது. ஆனால் சின்ன வயசுக்காரர்களுக்கு வரும்போது பலருக்கு வேறு மாதிரி வரும். ஒரு இடத்தில் கட்டியாகத் திரளாமல், இரைப்பையின் உள்தோலுக்கு அடியில் சிதறிப் பரவும். 'டிஃப்யூஸ்' வகை என்பார்கள். முற்றினால் இரைப்பைச் சுவர் தடித்து, தோல் பை மாதிரி விறைத்துப்போகும். விரியாத பையில் சோறு எங்கே போகும்? நாலு வாய் உண்பதற்குள் நிறைந்துவிடும். ஸ்கோப்பில் பார்த்தால் அந்த உள்தோல் சில சமயம் சாதாரணமாகவே தெரியும். பல இடத்தில் சதை கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்பினால்தான் பிடிபடும்.

கேஸ் மாத்திரையோடு எனக்கு உள்ள சண்டை இதுதான். அது அமிலத்தைக் குறைத்து வலியை அமர்த்தும். புற்றுப் புண்ணாகவே இருந்தாலும் கொஞ்ச நாள் அமர்த்திவிடும். வலி போனதும் நோயும் போனது என்று ஆள் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். சீட்டு இல்லாமலே மெடிக்கலில் கிடைப்பதால் நீயும் வாங்கி முழுங்குகிறாய்.

இன்னொன்று. உன் சித்தப்பா 36 வயசில் போனது தெரியும். குடல் புண் என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். புண் இல்லை. பரேல் டாட்டா புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பயாப்ஸியில் 'சிக்னெட் ரிங்' செல் என்று வந்தது. மோதிரம் மாதிரி தெரிகிற செல், நான் மேலே சொன்ன டிஃப்யூஸ் வகைப் புற்றுநோயில் வருவது. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண்கள் இருக்கிறார்கள் என்று அத்தைமார் மூடி வைத்தார்கள். அந்தக் கணக்கு எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. நியூசிலாந்தில் ஒரு மாவோரி குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகச் சின்ன வயசிலேயே இந்த நோய் வந்தது. அவர்களை ஆராய்ந்து, சிடிஹெச்1 என்ற மரபணுவில் உள்ள பழுதை 1998-ல் வெளியிட்டார்கள். அப்படிப் பரம்பரையாக வருவது மிகக் கொஞ்சம். நம் வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் "குடும்பத்தில் யாருக்காவது?" என்று டாக்டர் கேட்டால் "இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதே. சித்தப்பாவின் வயசையும் அந்தச் செல்லின் பேரையும் சேர்த்துச் சொல். மரபணு சோதனை வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும்.

ஹெச் பைலோரி என்ற கிருமியையும் பார்க்கச் சொல்வார். சின்னதில் வயிற்றில் குடியேறுவது. நம் நாட்டில் பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வராது. ஆனாலும் 1994-லேயே அதைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை சேர்த்துவிட்டது. பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் 1984-ல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை வீங்கி வாந்தி எடுத்து, இரைப்பை அழற்சிக்கு அந்தக் கிருமி காரணம் என்று காட்டினார். 2005-ல் ராபின் வாரனோடு நோபல் பரிசும் வாங்கினார். உனக்கு அவ்வளவு தைரியம் வேண்டாம், ஸ்கோப் குழாயை விழுங்கினால் போதும். கிருமி இருந்தால் பெரும்பாலும் பதினாலு நாள் மாத்திரை. ஒன்று, கேஸ் மாத்திரையைப் போட்டுக்கொண்டே சோதித்தால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். வழக்கமாக ரெண்டு வாரம் முன்னால் நிறுத்தச் சொல்வார்கள், கேட்டுக்கொள்.

ஸ்கோப்புக்குப் பயப்படாதே. முந்தின ராத்திரி சாப்பாட்டோடு சரி, காலையில் டீயும் கூடாது. தொண்டை மரத்துப்போக ஸ்பிரே அடிப்பார்கள். இடப்பக்கம் சாய்ந்து படுத்து, எச்சிலை விழுங்காமல் வழியவிட்டு, மூக்கால் மூச்சு விடு. சில நிமிஷ வேலை. மயக்க ஊசி போட்டால் அன்றைக்கு பைக்கைத் தொடாதே, மருமகளைக் கூட்டிப்போ.

மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறதா என்று வெட்கப்படாமல் பார். அப்படிப் போனாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. இரும்புச்சத்து மாத்திரையும் கருக்க வைக்கும், போடுகிறாய் என்றால் டாக்டரிடம் சொல்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தன் தம்பி, உன் சித்தப்பா பேச்சை எடுத்தாலே அவருக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது. இந்த வாரமே டாக்டரைப் பார். தேதி கிடைத்ததும் போன் போடு, உத்யான் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுகிறேன். கடைசி நேரத்தில் சொல்லி என்னைத் தட்கலுக்குக் காசு அழ வைக்காதே.

இப்படிக்கு,
அம்மா