இரண்டாவது ஆளாக ஓடிய கேத்தி குக்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா கைத்தடி இல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம், தம்பி மட்டும் வேலை மாறிக் கோவைக்குப் போய்விட்டான்.

யாழினியை ரிலேயில் கடைசி ஆளாகப் போடாமல் இரண்டாவதாகப் போட்டுவிட்டார்கள் என்று அழுதாள் என எழுதியிருந்தாயே, அதற்காகவே உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். அவளுக்கு பிரிட்டிஷ் ஓட்ட வீராங்கனை கேத்தி குக் பற்றிச் சொல்.

இங்கிலாந்தின் வின்செஸ்டரில் 1960-ல் பிறந்தவர், கல்யாணத்துக்கு முன் கேத்தி ஸ்மால்வுட். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 4×100 ரிலேயில் வெண்கலம், 1983 ஹெல்சிங்கி உலகப் போட்டியில் வெள்ளி, 1984 லாஸ் ஏஞ்சலஸில் மறுபடி வெண்கலம். மூன்றிலும் அவர் இரண்டாவது ஆள்தான்! அவர் ரிலே குச்சியைக் கொடுத்தது மூன்று முறையும் ஒரே பெண்ணிடம்தான். பெவர்லி கோடார்ட் என்று மாஸ்கோ பட்டியலில் இருப்பவர்தான் கல்யாணத்துக்குப் பிறகு பெவர்லி காலெண்டர், பெயரை மட்டும் பார்த்தால் வேறு ஆள் என்று நினைத்துவிடுவோம். மாஸ்கோவில் அந்த நால்வர் ஓடிய 42.43 வினாடியை 2014 வரை எந்த பிரிட்டிஷ் பெண்கள் அணியும் முறியடிக்கவில்லை.

இரண்டாவது இடத்தில் ஓடுகிறவள் குச்சியை வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். குச்சி கைமாறும் இரண்டு பகுதியிலும் முழு வேகத்தில் இருந்தாக வேண்டும் என்பதால் அவள் ஓடும் தூரம் உண்மையில் 100 மீட்டருக்கும் மேல். அதனால்தான் 200 மீட்டரில் பலமுள்ளவரை அங்கே நிறுத்துவார்கள்.

கேத்தியின் 200 மீட்டரை நினைத்தால்தான் எனக்கு மனசு கனத்துப்போகிறது. லாஸ் ஏஞ்சலஸில் 22.10, நான்காவது இடம். வெண்கலம் வாங்கிய ஜமைக்காவின் மெர்லின் ஓட்டி 22.09. நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு பங்கு வினாடியில் பதக்கத்தை இழந்ததும் இதே ஒலிம்பிக்தான். உஷாவின் கதை நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும், அதே மைதானத்தில் அதே இடைவெளியில் தோற்ற இன்னொருத்தியை யாரும் சொல்வதில்லை. ஆனால் கேத்தி அங்கே 400 மீட்டரிலும் ஓடி 49.43-ல் வெண்கலம் வாங்கினார். அவர் கணவர் கேரி குக்குக்கும் அங்கே ஆண்கள் 4×400 ரிலேயில் வெள்ளி.

கிழக்கு ஜெர்மனி அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்திருந்ததால் அங்கே போட்டி குறைவு என்று சொல்லலாம், அது உண்மைதான். ஆனால் மாஸ்கோவிலும் ஹெல்சிங்கியிலும் ரிலே தங்கம் அந்த நாட்டுக்குத்தான் போனது, அங்கே அரசே திட்டம் போட்டு வீராங்கனைகளுக்கு ஊக்கமருந்து கொடுத்தது பிற்பாடு ஆவணங்களோடு வெளியே வந்தது. அந்தக் காலத்தில் அவர்களுக்குப் பின்னால் ஓடி வந்தவர்களுக்கு யார் என்ன ஈடு கொடுத்தார்கள்? இதை எப்போது யோசித்தாலும் ஆத்திரமாக வருகிறது.

பெரிய போட்டிகளில் தனி ஓட்டத்தில் தங்கம் இல்லை என்பதால் அவரை மறந்துவிட்டார்கள், காமன்வெல்த் ரிலேயில் இங்கிலாந்துக்கு வரிசையாக மூன்று தங்கம் வாங்கிக் கொடுத்தும். கடிகாரம் மறக்கவில்லை, செல்வி. 100 மீட்டரில் அவருடைய பிரிட்டிஷ் சாதனை 2008 வரை நின்றது. 400-ஐ 2013-ல் கிறிஸ்டின் ஒஹுருகு முறியடித்தார், அதுவும் 49.41, வெறும் நூறில் இரண்டு பங்கு வினாடி வித்தியாசம். 200-க்கு 2015-ல் டினா ஆஷர்-ஸ்மித் வர வேண்டியிருந்தது.

அப்புறம், யாழினிக்கு எந்தக் கையில் குச்சி வாங்கப் பழக்குகிறார்கள் என்று கேட்டு எழுது. இடது கையில் வாங்கினால் மூன்றாவது ஆளின் வலது கையில் கொடுக்கலாம், அவள் வளைவில் உள்கோட்டை ஒட்டி ஓடலாம். ஓடும்போது இன்னும் குச்சியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள் என்றால் இப்போதே நிறுத்தச் சொல்.

அன்புடன்,
மாலா