பிறைக்குள் ஒரு நட்சத்திரம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஒரு படத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டோம். குழந்தையின் அறைச் சுவருக்காக நாங்கள் கணினியில் உருவாக்கி அச்சிட்டுக் கொடுத்த ஊதா நிறக் கற்பனைக் கோளின் படம் அது. வானத்தில் ஒரு பிறைநிலா. தினமும் அதைப் பார்த்தபடியே தூங்கும் சிறுமி ஒரு நாள் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள்: "பிறைக்குள்ள எப்படிப்பா நட்சத்திரம் தெரியும்?" அவள் கேட்டது சரி. பிறையின் இருண்ட பக்கமும் பாறைதான். அதற்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரம் தெரிய வழியே இல்லை. கணினியில் படத்தை அடுக்கடுக்காகச் செய்கிறோம்; நட்சத்திர அடுக்கை (லேயரை) நிலாவுக்கு மேலே விட்டது எங்கள் பிழை. புதிய பிரிண்ட் எடுத்து, நாங்களே போய் ஒட்டிக்கொடுத்தோம்.

"இல்லாத கோள்தானே, எப்படி இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறீர்கள். கோளை எப்படி வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம். வெளிச்சத்தை இஷ்டத்துக்கு மாற்றினால், காரணம் தெரியாதவர் கண்ணைக்கூட அது உறுத்தும். அதனால்தான் எந்தப் படத்தையும் சூரியனிலிருந்து தொடங்குகிறோம். சூரியன் எங்கே என்று முடிவானால் எல்லா நிலவுகளும் அதே பக்கம் ஒளிர வேண்டும். சூரியனுக்குப் பக்கத்தில் தெரியும் நிலவு மெல்லிய பிறையாகவும், எதிர்த்திசையில் இருப்பது முழுநிலவாகவும் வரும். வளையம் இருந்தால் கோளின் நிழல் அதன்மேல் விழ வேண்டும்.

எங்களிடம் அதிகம் வரும் கோரிக்கை, "நிலாவைப் பெரிசா வைங்க." கையை முழுதாக நீட்டி ஒரு மிளகைப் பிடித்துப் பாருங்கள். நம் முழுநிலா அதற்குப் பின்னால் ஏறக்குறைய மறைந்துவிடும். வானத்தில் அதன் அகலம் அரை டிகிரிதான். நிலாவில் நின்று பூமியைப் பார்த்தால் சுமார் 2 டிகிரி, அதாவது அதே நீட்டிய கையில் ஒரு ரூபாய் நாணயம். வியாழனின் நிலவான அயோவிலிருந்து பார்த்தால் வியாழன் 20 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. நீட்டிய கையின் ஒரு சாண்! ஆகவே வானத்தை அடைக்கும் உருண்டை வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யலாம்: உங்களை ஒரு பெரிய கோளின் நிலவில் நிற்க வைத்துவிடுவோம். ஆனால் நிலவைக் கோளுக்கு மிக அருகே இழுத்தால், கோளின் ஈர்ப்பு அதைப் பிய்த்துவிடும். அப்படிக் கேட்பவர்களிடம் உடைந்த நிலவின் வளையத்தையே வரைந்து தரட்டுமா என்று கேட்போம். அந்தப் படங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை.

அடுத்தது வானத்தின் நிறம். தேய்பிறை நாளில் காலை ஏழு மணிக்கு மாடிக்குப் போய் நிலாவைப் பாருங்கள். அதன் இருண்ட பகுதி கறுப்பாக இருக்காது. சுற்றியுள்ள வானத்தின் அதே நீலமாக இருக்கும். நமக்கும் நிலாவுக்கும் இடையில் இருக்கும் காற்றின் ஒளி அதன்மேல் படிந்து தெரிவதுதான் காரணம். காற்றுள்ள கோளில் பகல் நிலவின் அந்தப் பகுதிக்கு நாங்கள் கறுப்பு அடிக்காததும் அதனால்தான். காற்றே இல்லாத உலகில் பட்டப்பகலிலும் வானம் கறுப்பு. ஆனாலும் அப்பல்லோ வீரர்கள் நிலாவில் பகலில் எடுத்த படங்களின் வானத்தில் நட்சத்திரம் தெரியாது; பளிச்சென்ற தரைக்குத் தகுந்தபடி கேமராவை வைத்ததால் நட்சத்திரங்களின் மங்கலான ஒளி பதியவில்லை. எனவே பகல் காட்சியில் நட்சத்திரம் கேட்டால் மறுக்கிறோம். இரவுக் காட்சியில் வேண்டிய அளவு தருகிறோம்.

செஸ்லி போன்ஸ்டெல் என்ற அமெரிக்க ஓவியர், சனிக்கோளை அதன் நிலவான டைட்டனிலிருந்து தெரிவதுபோல் நீல வானத்தில் வரைந்தார். 1944-இல் லைஃப் இதழில் அது வெளியானது. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் விண்கலம் டைட்டனில் இறங்கியபோது தெரிந்தது ஆரஞ்சு நிற மூட்டம். இருந்தும் அந்த ஓவியத்தின்மேல் எனக்கு மதிப்பு குறையவில்லை. தன் காலத்துக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு அவர் ஓர் உலகத்தை நேர்மையாகக் கட்டினார். நாங்களும் அதைத்தான் செய்ய முயல்கிறோம்.

மலைகளையும் கண்டங்களையும் ஒவ்வொன்றாகக் கையால் வரைவதில்லை. கணினி வரைகலை நிபுணர் கென் பெர்லின் 1985-இல் வெளியிட்ட, ஒழுங்கற்ற வடிவங்களைக் கணினியே உருவாக்கும் நாய்ஸ் முறையில், பெரிய மேடுபள்ளத்தின்மேல் சிறியதை, அதன்மேல் இன்னும் சிறியதை அடுக்கிக்கொண்டே போகிறோம். எரிகல் பள்ளங்களை மட்டும் கையால் வைக்கிறோம்: பெரியவை சில, சிறியவை ஏராளம், புதியது பழையதை வெட்டியிருக்க வேண்டும். ஆர்டருக்கு நாள் பிடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிரிண்ட் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். அருகில் போய்ப் பார்த்தால் வானத்தில் பொடிமணல் தூவியது போலிருக்கும். அது அச்சுக் கோளாறு அல்ல. சாதாரண 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு இருட்டிலிருந்து வெளிச்சம் வரை 256 படிகள்தான். இருண்ட வானம் அதில் அடியிலுள்ள கொஞ்சத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால், ஆறடிச் சுவரில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அதைத் தவிர்க்க, படிகள் இன்னும் ஏராளமாக உள்ள 16 பிட்டில் வேலை செய்து, கடைசியில் மணல் போன்ற நுண்ணிய புள்ளிகளைச் சேர்க்கிறோம். இன்னொன்று, மொபைல் திரையில் கண்ணைப் பறிக்கும் நீலம் மையில் அப்படியே வராது. பெரிய பிரிண்டுக்கு முன் ஏ4 அளவில் ஒரு மாதிரி தருவோம். அதை மாட்டப்போகும் சுவரில் வைத்து, அந்த அறையின் விளக்கிலேயே பார்த்துச் சம்மதம் சொல்லுங்கள்.

எங்களிடம் முன்பு வாங்கிய படம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றிரவு பிறையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். உள்ளே நட்சத்திரம் தெரிந்தால் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எத்தனை வருடத்துக்கு முன் வாங்கியதானாலும் காசு வாங்காமல் மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் ஸ்டுடியோவிலிருந்து