என் ஆர்எக்ஸ் 100 பிளாக் எங்கே சார்?

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளருக்கு,

வணக்கம். மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் நம்பருக்குப் போன் போட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு தம்பி எடுக்கிறார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடுகிறேன். தயவுசெய்து இதை இன்ஜின் பிரித்துப் பழக்கமுள்ள ஒருவரிடம் கொடுங்கள். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் போடும் ஆளிடம் வேண்டாம், அந்தப் பதில் ஏற்கனவே வந்துவிட்டது.

விஷயம் இதுதான். என் யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியின் சிலிண்டர் பிளாக்கையும் ஹெட்டையும் போர்ட்டிங் வேலைக்காக, அதாவது சிலிண்டரில் கலவை வரும், புகை போகும் துளைகளை (போர்ட்டுகளை) வெட்டிப் பெரிதாக்கும் வேலைக்காக, உங்களுக்கு கூரியரில் அனுப்பினேன். கூடவே உங்கள் 'ஸ்டேஜ் 2' கிட், அதாவது பிஸ்டன், ரிங், 24 மி.மீ. கார்புரேட்டர், எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர், எல்லாவற்றுக்கும் சேர்த்து 18,500 ரூபாய் முழுவதையும் முன்கூட்டியே கட்டினேன். திரும்பி வந்த பிளாக் என்னுடையது இல்லை. வந்ததிலும் வேலை சுத்தமில்லை. ரிங் உடைந்து, போர், அதாவது சிலிண்டரின் உள்துளை, கீறி, வண்டி இப்போது வீட்டுத் திண்ணையில் நிற்கிறது.

முதலில் பிளாக். என்னுடையது இல்லை என்று எப்படிச் சொல்கிறேன் என்று உங்கள் தம்பி ஒருவர் கேட்டார், கொஞ்சம் நக்கலாகவே கேட்டார். ஆர்எக்ஸ் 100 கம்பெனியில் வரும்போது போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 50 மி.மீ., மொத்தம் 98 சிசி. என் வண்டிக்கு முன்பே போர் போட்டு 50 ஓவர்சைஸ், அதாவது அரை மி.மீ. பெரிய, பிஸ்டன் மாட்டியிருந்தது, ஆக போர் 50.50. அனுப்பும் முன் ராமநாதபுரத்தில் லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்து அளந்து, பிளாக்கின் மேலேயே மார்க்கரில் எழுதி, போட்டோ எடுத்து, உங்கள் வாட்ஸ்அப்புக்கும் போட்டேன். அந்தப் போட்டோவுக்கு நீங்கள் கட்டைவிரலும் காட்டியிருக்கிறீர்கள். திரும்பி வந்த பிளாக்கை அதே பட்டறையில் அளந்தால் ஸ்டாண்டர்டு 50. கூட வந்த பிஸ்டனின் தலையில் ஓவர்சைஸ் நம்பரே இல்லை. போர் போட்ட பிளாக் மறுபடி சிறுத்து வராது சார். உள்ளே இருக்கும் இரும்புக் குழாயை, அதாவது ஸ்லீவை, மாற்றினால்தான் உண்டு. ஸ்லீவ் போட்டீர்களா என்று கேட்டதற்கு "அதெல்லாம் நாங்கள் செய்வதில்லை" என்று உங்கள் ஆளே பதில் எழுதியிருக்கிறார். அப்புறம் எப்படி அது என் பிளாக்? என்னுடையதில் எக்ஸாஸ்ட் பக்கம் மேலிருந்து இரண்டாவது ஃபின், அதாவது சூடு தணிக்கும் தகடு, ஓரத்தில் உடைந்திருக்கும். இதில் ஃபின் எல்லாம் முழுசாக, வார்ப்பு கரடுமுரடாக இருக்கிறது. புதுசாக மினுங்குவதைப் பார்த்து நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தீர்களோ என்னவோ.

இந்த வண்டி 1996-இல் உற்பத்தி நின்ற வண்டி. ஒரிஜினல் பிளாக்குக்கு இன்றைக்கு என்ன கிராக்கி என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும், உங்கள் தொழிலே அதுதானே. லோக்கல் வார்ப்பு பிளாக் எந்தக் கடையிலும் கிடைக்கும், என் பழைய இரும்பு ஸ்லீவ் உள்ள அந்த பிளாக் கிடைக்காது. அதனால்தான் எக்ஸ்சேஞ்ச் வேண்டாம், என் பிளாக்கிலேயே வேலை செய்து கொடுங்கள் என்று ஆர்டரிலேயே எழுதினேன். அந்த ஆர்டரின் ஸ்கிரீன்ஷாட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அடுத்து, நீங்கள் சொல்லி விற்றது என்ன, வந்தது என்ன. எனக்கு ரேஸ் கீஸ் எதுவும் கிடையாது. மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் வலை, கயிறு வியாபாரமாகப் போய் வருகிறவன். ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது பின்னால் ஒரு மூட்டையோடு பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடு ஏற்றத்தில் ஏறினால், கம்பெனி கொடுத்த 11 குதிரைச் சக்தி திணறும். இதை அப்படியே உங்கள் ஆளிடம் சொன்னேன். "கீழ் இழுவை வேணுமா, ஸ்டேஜ் 2 போடுங்க, கீழேயும் வரும் மேலேயும் வரும்" என்றார். சார், டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை உயர்த்தினால் போர்ட் சீக்கிரம் திறந்து தாமதமாக மூடும். இன்ஜின் வேகமாகச் சுற்றும் மேல் சுற்றில் அது லாபம், மெதுவாகச் சுற்றும் கீழ் சுற்றில் நஷ்டம். சேம்பரும் அப்படித்தான்: உள்ளே போன அழுத்த அலை கூம்பில் மோதித் திரும்பி வந்து, வெளியே போகப் பார்க்கிற புதுக் கலவையைச் சரியான நேரத்தில் உள்ளே தள்ள வேண்டும், அந்தச் சரியான நேரம் சேம்பரின் நீளத்தைப் பொறுத்து ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில்தான் அமையும். மற்ற இடத்தில் அதே அலை எதிராகவே வேலை செய்யும். நீங்களோ ஒரே பைப்பை ஆர்எக்ஸ் 100-க்கும் 132 சிசி உள்ள ஆர்எக்ஸ் 135-க்கும் சேர்த்து விற்கிறீர்கள். இதில் கீழ் இழுவைக்கு ஏது இடம்? கிட் மாட்டிய பிறகு பாலத்து ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறக்கி, ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தால்தான் ஏறுகிறது. முன்னால் மூன்றாம் கியரில் முக்கி முனகியாவது ஏறிய வண்டி. கேட்டவனுக்குக் கேட்டதற்கு நேர் எதிரான சாமானை விற்றிருக்கிறீர்கள்.

இதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். ரிங் உடைந்ததுதான் தாங்க முடியவில்லை.

புது பாகங்களை மெதுவாக ஓட்டிப் பழக்கும் ரன்னிங்-இன் முடிந்து, அவசரமில்லாமல் ராமநாதபுரம் போய்விட்டுத் திரும்பும் வழியில், உச்சிப்புளிக்கு முன்னால் இன்ஜினுக்குள் சில்லறை கொட்டியது மாதிரி சத்தம் கேட்டது, அப்புறம் கம்ப்ரஷன் இல்லை. ஐஸ் பெட்டி ஏற்றிப் போன ஒரு டாடா ஏஸ்காரர் ஏற்றிவிட்டார், அவருக்குப் புண்ணியமாகப் போகட்டும். எங்கள் ஊரில் ஃபைபர் படகு அவுட்போர்டு இன்ஜின்களைப் பிரித்து மாட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், டூ ஸ்ட்ரோக்கில் அவருக்குத் தெரியாதது குறைவு. அவர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பை என் விரலால் தடவச் சொன்னார். பிளேடு மாதிரி இருந்தது. போர்ட் வெட்டிய பிறகு விளிம்பைச் சாய்த்து மழுக்க வேண்டும், அந்த வேலையே நடக்கவில்லை. அகலத்தை வெர்னியரில் அளந்தோம், 37.5 மி.மீ. ஐம்பது மி.மீ. போரில் இது நான்கில் மூன்று பங்கு. விளிம்பை நன்றாக வளைத்து வெட்டினால்கூட பொதுவாக 70 சதவீதத்துக்குள் நிறுத்துவார்கள், அதற்கு மேல் போகிறவர்கள் போர்ட்டின் நடுவில் பாலம் மாதிரி ஒரு குறுக்குத் தண்டு விடுவார்கள். நீங்கள் மேல் விளிம்பை வளைவே இல்லாமல் ஸ்கேல் வைத்தது போல நேர்கோடாக வெட்டியிருக்கிறீர்கள். அவ்வளவு அகலத் திறப்பில் ரிங் வெளிப்பக்கம் பிதுங்கத்தான் செய்யும், மேலே வரும்போது அந்த நேர் விளிம்பில் சிக்கத்தான் செய்யும். கலவை உள்ளே வரும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகளையும் அளந்தோம். இடதுக்கும் வலதுக்கும் உயரம் முக்கால் மி.மீ. வித்தியாசம். கண் மதிப்பில் கிரைண்டர் ஓட்டியிருக்கிறார்கள்.

இனி உங்கள் சமாதானங்கள். கலவை லீன் ஆகி, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடி, பிஸ்டன் சூட்டில் சீஸ் ஆகிப் பிடித்திருக்கும் என்றீர்கள். பிளக்கைக் கழற்றிப் போட்டோ எடுத்திருக்கிறேன், நல்ல பழுப்பு நிறம், வெளுப்பே இல்லை. சீஸ் ஆன பிஸ்டனில் பக்கச் சுவரில் தேய்ந்த தடம் இருக்கும், இதில் இல்லை. கீறல் இருப்பதெல்லாம் எக்ஸாஸ்ட் போர்ட்டுக்கு நேர் மேலே மட்டும். உடைந்த ரிங் துண்டு பிஸ்டன் தலையில் பதிந்திருக்கிறது. ஆயில் போதவில்லை என்றீர்கள். பம்ப் கேபிளைப் புது கார்புரேட்டருக்குத் தகுந்த மாதிரி செட் செய்தோம், ரன்னிங்-இன் முடியும்வரை டேங்கிலும் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் தனியாகக் கலந்தேன், புகை பார்த்து பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டார். ரிங் வாயைப் பிடிக்கும் பின் கழன்றிருக்கும் என்றீர்கள், பின் அதன் இடத்திலேயே அப்படியே இருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, அதனால்தான் என்றீர்கள். இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எங்கள் ஊருக்கு மட்டுமா வருகிறது? எத்தனால் கலந்தால் கலவை லீன் பக்கம் சாயும் என்று தெரிந்த நீங்கள்தான் அதற்கு ஏற்ற மெயின் ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகை, அனுப்பியிருக்க வேண்டும். கிட்டில் ஒரே ஒரு ஜெட் வந்தது. பிளக் நிறம் பார்த்துப் பெரிய ஜெட்டை நாங்களே தேடி வாங்கிப் போட்டோம்.

கடைசியாக, "கடற்கரைக் காற்று சார், உப்பு சார்." இதற்கு மட்டும் சிரிப்பு வந்தது. ஒரு பக்கம் பாக் விரிகுடா, ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, இந்த உப்புக் காற்றில்தான் எங்கள் ஊரில் எல்லா வண்டியும் ஓடுகிறது. உப்பு ரிங்கை உடைக்காது. ஆனால் உப்பு எதைக் கெடுக்கும் என்று காட்டுகிறேன்: உங்கள் சேம்பர். உங்கள் இணையப் பக்கத்தில் 'ஸ்டெயின்லெஸ்' என்று போட்டிருந்தீர்கள். காந்தம் ஒட்டுகிறது என்பதை வைத்துச் சொல்லவில்லை, சில வகை ஸ்டெயின்லெஸிலும் காந்தம் ஒட்டும். வெல்டு ஓரமெல்லாம் செங்கல் நிறத்தில் துரு செதில் செதிலாக உரிந்து, ஒரு இடத்தில் ஊசி நுழைகிறது. கறுப்புப் பெயின்ட் அடித்த சாதாரணத் தகடு சார் அது.

இது ரோட்டில் ஓட்டலாமா, ஆர்.சி.க்குப் பிரச்சினை வராதா என்று வாங்கும் முன்பே கேட்டேன். சிசி மாறாது, அதனால் ஒன்றுமில்லை என்றார் உங்கள் ஆள். வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சிசியை மட்டும் பார்ப்பதில்லை. அதையும் உங்கள் பக்கத்தில் எழுதுங்கள், வாங்குகிறவன் தெரிந்து வாங்கட்டும்.

'ரேசிங் பாகங்களுக்கு வாரன்டி இல்லை' என்கிற வரியை எனக்கு மறுபடி அனுப்ப வேண்டாம். நான் வாரன்டி கேட்கவில்லை. நான் கேட்பது, முதலில் என் பிளாக். போர் 50.50, இரண்டாவது ஃபின் உடைந்தது, என் கையெழுத்து மேலே இருக்கும். தொலைந்துவிட்டது என்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள், அதற்கு ஈடாக யமஹா ஒரிஜினல் பிளாக் ஒன்றைத் தேடிக் கொடுங்கள், லோக்கல் வார்ப்பு வேண்டாம். அப்புறம் 18,500 ரூபாயும் திரும்ப வர வேண்டும், நீங்கள் அனுப்பிய சாமான் மொத்தத்தையும் உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளலாம். உடைந்த ரிங்கையும் பிஸ்டனையும் மட்டும் இப்போது தர மாட்டேன், அது சாட்சி. மூன்றாவது, இதுவரை தராத ஜி.எஸ்.டி. பில். வாட்ஸ்அப்பில் வந்த 'எஸ்டிமேட்' பில் ஆகாது. பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக முறை என்றே இருக்கிறது.

ஆன்லைனில் விற்கிறவர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. அந்த ஒரு மாதம் இந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லிவிட்டு, ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். வாங்கியவன் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது, ஆகையால் இத்தனை தூரம் நீங்கள்தான் வர வேண்டியிருக்கும்.

போட்டோக்கள், லேத் பட்டறை அளவுச் சீட்டு, கூரியர் ரசீது, பணம் கட்டிய விவரம் எல்லாம் இணைப்பில் இருக்கிறது. பதிலை இமெயிலிலேயே போடுங்கள், போன் வேண்டாம். பிளாக் அனுப்பும்போது அட்டைப் பெட்டியில் போடாமல் மரப் பெட்டியில் போட்டு அனுப்புங்கள், இருக்கிற ஃபின்களாவது முழுசாக வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்