செட்டர் பையனைத் திட்டும் முன் பாஸைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் தொடங்கிக் கோடை முடியும்வரை தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஊருக்கு ஊர் இரவு வாலிபால் போட்டி நடக்கிறது. மறுநாள் மாவட்டப் பக்கத்தில் வரும் நான்கு வரிச் செய்தியில் வென்ற அணி இருக்கும், சிறந்த அட்டாக்கர் இருப்பார், கோப்பை வழங்கிய பிரமுகர்கள் அத்தனை பேரும் இருப்பார்கள். அட்டாக்கர் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் இருக்கமாட்டார். தோற்ற ஊரின் டீக்கடையிலோ முதலில் அடிபடுவது அவர் பெயர்தான். அவர் 17, 18 வயதுப் பையனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 'இவன் தேறமாட்டான், வேற ஆளைப் போடு' என்று இரண்டே போட்டியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தப்பு என்பதற்காகவே இந்தக் கடிதம்.

ஒழுங்காக மூன்று தொடுதலில் கட்டும் ஒவ்வொரு அட்டாக்கிலும் இரண்டாவது தொடுதல் செட்டருடையது. அதற்கு முந்தைய தொடுதலான பாஸ் கெட்டால் அவர் கை கட்டப்பட்டுவிடும். இதைக் கண்ணால் மட்டும் பார்த்தால் பிடிபடாது, நோட்டு போட வேண்டும். எதிரணியின் ஒவ்வொரு சர்வீஸுக்கும் பாஸுக்கு ஒரு மார்க். செட்டர் ஓரடிக்கு மேல் நகராமல் எடுத்தால் 3. மூன்று நான்கு அடி ஓடி எடுத்தும் இரண்டு அட்டாக்கருக்காவது போட முடிந்தால் 2. நெட்டின் ஓரத்துக்கு உயரமாகத் தூக்கும் ஹை பால் தவிர வேறு வழியில்லை என்றால் 1. பந்தே போய்விட்டால் 0. பக்கத்துக் கட்டத்தில், செட்டர் தூக்கிக் கொடுத்த பந்து, அதாவது லிஃப்ட், எங்கே போனது, அடித்தவரைத் தடுக்க நெட்டருகே எத்தனை பிளாக் நின்றது என்று எழுதுங்கள். மூன்று போட்டிக்கு எழுதியபின் 3, 2 மார்க் வாங்கிய பாஸ்களை மட்டும் எடுத்துச் செட்டரை எடைபோடுங்கள். அணியின் சராசரி ஒன்றரைக்குக் கீழே கிடந்தால் செட்டரைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை. மாலை நேரப் பயிற்சியை முழுக்க பாஸுக்கே ஒதுக்க வேண்டிய அணி அது.

பந்தும் நெட்டும் செய்யும் கெடுதலையும் பையன் தலையில்தான் கட்டுகிறார்கள். ஆண்களுக்கு நெட் உயரம் நடுவில் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. இரண்டு ஓரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், குறித்த அளவைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடக் கூடாது. நம் மைதானங்களில் கயிறு தளர்ந்து நடுவில் ஒரு சாண் தொங்கும் நெட்டில், நடு அட்டாக்கருக்குத் தாழ்வாக வேகமாகப் போடும் ஷார்ட் பால் பழகுகிறான் பையன். மாவட்ட விளையாட்டரங்கின் இறுகிய நெட்டுக்கு வந்தால் அதே ஷார்ட் தாழ்ந்துபோகும். பந்தின் காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ என்பது விதி. சைக்கிள் பம்பில் கல் மாதிரி அடித்த பந்து விரலில் தங்காமல் துள்ளும், ஒரு கை முன்னாலும் ஒரு கை பின்னாலும் படும், இரண்டு முறை தொட்டதாக டபுள் விசில் வரும். காற்றழுத்த அளவி ஒன்று வாங்கி வைத்தால் பாதி டபுள் நின்றுவிடும்.

டபுள் பற்றிச் சில நடுவர்களுக்கும் ஒரு வார்த்தை. பந்து சுழன்றது என்பதற்காக விசில் ஊத விதியில் இடமில்லை. இரண்டு கையும் முன்பின்னாகத் தொட்டதைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும். சுழற்சி ஓர் அறிகுறி, குற்றம் அல்ல. தொடர்ந்து நாலு விசில் வாங்கிய பையன் அப்புறம் தலைக்கு மேலே வரும் லட்டு மாதிரிப் பந்தையும் கீழ்க்கையால் தட்டிவிடுவான். அந்தப் பயம் கைக்குள் புகுந்துவிட்டால் எடுப்பது கடினம்.

இனி உண்மையிலேயே பையனிடம் உள்ள குறைகள். இளம் செட்டர்களின் தவறுகளில் முக்கால்வாசி காலில் பிறந்து கையில் தெரிபவை. பந்து வரும் இடத்துக்கு உடம்பு போய்ச் சேரும் முன்பே கை நீளும். பந்தை நெற்றிக்கு மேலே வாங்காமல் மோவாய்க்கு நேராக வாங்குவார்கள். அங்கே வாங்கினால் ஒன்று பந்தைப் பிடித்ததாக ஹோல்டிங், இல்லாவிட்டால் டபுள். லிஃப்ட் நெட்டின் ஓரக் குச்சியான ஆன்டெனாவுக்கு எட்டாமல் பாதியில் விழுந்தால் உடனே 'கையில் பவர் இல்லை' என்று தண்டால் எடுக்க வைக்கிறார்கள். முழங்கால் மடங்கி நிமிராததுதான் அங்கே காரணம். லிஃப்ட் நெட்டை ஒட்டிப்போய் பிளாக்கர் வாயில் விழுந்தால், வலது கால் பின்னால் கிடக்கிறது, மார்பு எதிரணிப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

நெட்டைப் பார்த்து நின்றால் வலமிருந்து இடமாக முன்வரிசை இடங்கள் 2, 3, 4, பின்வரிசை 1, 6, 5. செட்டர் நிற்க வேண்டிய இடம் 2-க்கும் 3-க்கும் நடுவே, நெட்டிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர். வலது தோள் நெட்டுப் பக்கம், வலது கால் அரையடி முன்னால், மார்பு 4-ஆம் இடத்தை நோக்கி. உள்ளங்கை படவே கூடாது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் இவற்றின் சதைப்பற்று பந்தைத் தாங்கும், மற்ற இரண்டு விரல்கள் பக்கவாட்டில் அணைக்கும். ஓடி வந்தாலும் தொடும் நொடியில் கால் நின்றிருக்க வேண்டும். புதியவருக்கு ஒரே ஒரு விதி போதும்: தப்பினால் நெட்டுக்கு வெளியே தப்பு. ஒரு மீட்டர் விலகிய பந்தை அட்டாக்கர் எப்படியாவது அடிப்பார், நெட்டில் ஒட்டிய பந்தை யாரும் அடிக்க முடியாது.

ஒரு நாளைக்கு 200 லிஃப்ட், வாரத்தில் ஐந்து நாள் போதும். 80 பந்து 4-ஆம் இடத்துக்கு, 50 பின்பக்கமாக 2-க்கு, 40 ஷார்ட், மீதி 30 வேண்டுமென்றே கெடுத்துப் போட்ட பாஸிலிருந்து. மூங்கிலில் பழைய சைக்கிள் டயரை, ஆன்டெனாவுக்கு உள்ளே ஒரு மீட்டர், நெட்டுக்கு ஒரு மீட்டர் விலகிக் கட்டுங்கள். டயருக்குள் விழுந்ததை மட்டும் எண்ணுங்கள். முதல் மாதம் கையால் எறிந்த பந்து. இரண்டாம் மாதத்திலிருந்து சர்வீஸ் போட்டு, பாஸ் எடுத்து வந்த பந்துதான். எறிந்த பந்திலேயே ஆறு மாதம் பழகிய பையன் போட்டியில் தடுமாறுவதில் ஆச்சரியம் இல்லை. விரல் பலத்துக்குப் பேஸ்கட்பால் கொடுப்பவர்கள் கவனிக்கவும்: வாலிபால் 260 முதல் 280 கிராம், பெரிய பேஸ்கட்பால் அதைவிட இரு மடங்குக்கும் மேல். 16 வயதுக்கு உட்பட்டவருக்கு அது விரல் சுளுக்கைத்தான் கொடுக்கும். சுளுக்கிய விரலை இழுத்துவிடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஐஸ் வைத்துப் பக்கத்து விரலோடு சேர்த்து பிளாஸ்திரி ஒட்டுங்கள், வீக்கம் வடியாவிட்டால் எக்ஸ்ரே.

கையும் காலும் ஒரு சீசனில் வந்துவிடும். அதிக காலம் எடுப்பது கண். பந்து பாஸரிடமிருந்து கிளம்பித் தன் கைக்கு வருவதற்குள், எதிரணியின் நடு பிளாக்கர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று ஒரு நொடி பார்க்க வேண்டும். இளைஞர் பந்தை மட்டுமே பார்ப்பார், அவர் வயதில் அது இயல்பு. இதற்குக் காசு செலவில்லாத பயிற்சி உண்டு. பாஸ் காற்றில் இருக்கும்போது நெட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் விரல்களைக் காட்ட வேண்டும். செட்டர் எண்ணை உரக்கச் சொல்லிவிட்டு லிஃப்ட் போட வேண்டும். அடுத்த கட்டமாக, நம் அணிக்கு இடப்பக்கமாக அவர் அடியெடுத்து வைத்தால் நம் வலப்பக்க அட்டாக்கருக்கு, வலப்பக்கம் வைத்தால் இடப்பக்கத்தவருக்கு. முதல் வாரம் எண்ணும் தப்பும், லிஃப்டும் தப்பும். மூன்றாம் மாதம் வரை பொறுங்கள்.

இதற்கிடையே நாம் செய்யும் பெரிய அநியாயம், டிவியில் பார்த்துவிட்டுப் பள்ளிப் பையனைக்கூட 5-1 முறையில் இறக்குவது. ஒரே செட்டர், ஆட்டக்காரர்கள் இடம் மாறிச் சுற்றும் ஆறு ரொட்டேஷனிலும் போட வேண்டும். அதில் மூன்றில் பின்வரிசையிலிருந்து ஓடி வர வேண்டும். பின்வரிசையில் இருக்கும்போது மூன்று மீட்டர் கோட்டுக்குள் நின்று, நெட்டுக்கு மேலே இருக்கும் பந்தை எதிரணிக்குத் தள்ளினால் தவறு. பதற்றத்தில் இது அடிக்கடி நடக்கும். 4-2 முறையில் இரண்டு செட்டர்கள். முன்வரிசையில் இருப்பவர் போடுவார், ஓட்டம் கிடையாது. முன்வரிசை அட்டாக்கர் இரண்டு பேர்தான் கிடைப்பார்கள் என்பது நட்டம்தான். நம் ஊர் அளவு பாஸுக்கு மூன்றாவது அட்டாக்கரை எத்தனை தடவை பயன்படுத்துகிறோம் என்று அந்த நோட்டையே பாருங்கள். ஒட்டு மாங்கன்றில் முதல் மூன்று வருஷம் பூவைக் கிள்ளிவிடும் ஊர் நம்முடையது, பையனுக்கு ஒரு சீசன் 4-2 கொடுப்பதில் என்ன குறைந்துவிடும்?

5-1 தான் வேண்டும் என்றால், 5-ஆம் இடத்திலிருந்து வரும் ரொட்டேஷனைச் சரிசெய்யுங்கள். அங்கிருந்து ஓட்டம் மிக நீளம். 4-ஆம் இடத்துக்காரரை நெட்டோரமாக நிறுத்தி, செட்டரை அவருக்குச் சற்றே பின்னால், 6-ஆம் இடத்துக்காரருக்கு இடப்பக்கமாக நிறுத்தினால் இட வரிசை விதியும் கெடாது, பாதி தூரமும் மிச்சம். செட்டரே முதல் பந்தை எடுக்க நேர்ந்தால் இரண்டாவது யாருக்கு என்பதையும் முன்கூட்டியே பேசிவையுங்கள். பின்வரிசையில் மட்டும் ஆடும் தடுப்பாட்டக்காரரான லிபரோ எடுப்பதானால் மூன்று மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து, இல்லையேல் கீழ்க்கையால். எதிரணிக்கு விவரம் தெரிந்தால் 1-ஆம் இடத்தில் நிற்கும் செட்டர் மேலேயே, அடிப்பதுபோல் வந்து மெல்லத் தட்டிவிடும் ஃபெயின்ட் போடுவார்கள்.

அட்டாக்கர் அண்ணன்மார்களுக்கும் பங்கு உண்டு. ஹை பாலுக்குப் பந்து கிளம்பும் முன்பே ஓடிவிட்டு, 'ஷார்ட்டா போடுறான்' என்று கையை விரிப்பவர்கள் எல்லா அணியிலும் இருக்கிறார்கள். 20 பாயின்டுக்கு மேல் பையன் எல்லாப் பந்தையும் 4-ஆம் இடத்து அண்ணனுக்கே போடுவது யோசனைக் குறைவால் அல்ல, அண்ணன் திட்டுவார் என்ற பயத்தால்.

இந்த வேலை பழுக்க நாள் பிடிக்கும். பிரேசிலின் புருனோ 2008 ஒலிம்பிக்கில் இரண்டாவது செட்டராக வெள்ளி வாங்கினார், 2012-லும் வெள்ளி. 2016-ல் தங்கம் வாங்கியபோது அவருக்கு 30 வயது. பயிற்சியாளரின் மகன் என்பதால்தான் இடம் என்ற பேச்சையும் அவர் தாங்க வேண்டியிருந்தது. இத்தாலியின் ஜியானெல்லி மாதிரி 20 வயதில் ஒலிம்பிக் இறுதிப் போட்டி ஆடியவரும் உண்டு, அவரைக் கணக்கில் வைத்து நம் பையனை அளக்க வேண்டாம். தமிழகத்திலிருந்து போய் இந்திய அணிக்குக் கேப்டனாகவும் இருந்த மோகன் உக்கிரபாண்டியன் செட்டர்தான் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

எல்லாப் பையனும் தேறுவான் என்று சொல்லவில்லை. கெட்ட பாஸுக்கும் ஓடுகிறானா, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே மாதிரி கை வைக்கிறானா, தப்பிய லிஃப்டுக்குப் பிறகு பாஸரை முறைக்காமல் தன் காலைப் பார்க்கிறானா, இவை மூன்றும் இருந்தால் இரண்டு சீசன் கொடுங்கள். ஆறு மாதப் பயிற்சிக்குப் பிறகும் பந்து தன் பக்கம் வராதா என்று ஒதுங்குபவனை வற்புறுத்துவதில் பயனில்லை, நல்ல லிபரோ ஆவானா என்று பாருங்கள். உயரத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஐந்தரை அடிச் செட்டர் மாவட்ட அளவில் தாராளமாக ஆடலாம். அதற்கு மேலே முன்வரிசையில் அவர் தலைக்கு மேல் அடிப்பார்கள். அந்த மூன்று ரொட்டேஷனுக்கு இன்னொரு செட்டரையும் உயரமான அட்டாக்கரையும் சேர்த்து மாற்றி இறக்கினால் சமாளிக்கலாம். ஒரு செட்டுக்கு ஆறு மாற்று உண்டு, நம் அணிகள் அதில் இரண்டைக்கூடத் தொடுவதில்லை.

உங்கள் நாளிதழுக்கு ஒரு கோரிக்கை. போட்டிச் செய்தியில் இரு அணிச் செட்டர்களின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதாவிட்டால் கோப்பை வழங்கியவர்களில் இரண்டு பேரைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாலிபால் பயிற்சியாளர்கள் சிலர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.